மஞ்சப்பையில் தொங்கிய போன்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். போனில் ஆரம்பித்தால் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடும், எனக்கும் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். சாவகாசமாகப் படி.

ஐப்பசி மழையில் அந்த இரண்டு நாள் நீ பட்ட பாடு என் மனசை விட்டுப் போகவில்லை. குவைத்திலிருந்து நாற்பது தடவைக்கு மேல் கூப்பிட்டிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்’ என்ற ஒரே பதில். நாங்கள் இங்கே வீட்டுக்குள் உட்கார்ந்து களி தின்றுகொண்டு, ‘மழைக்குப் பிள்ளை கூடக் கூப்பிடவில்லையே’ என்று பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் காலையில் பாலக்கோட்டிலிருந்து உன் சித்தப்பா நனைந்துகொண்டே வண்டியில் வந்து, வாசலில் நின்று “அண்ணா, இருக்கீங்களா?” என்று கேட்டான். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் நீ அங்கே என்ன நினைத்துப் பயந்திருப்பாய் என்று எனக்குப் புரிந்தது.

அன்றைக்கு நீ அழுதுகொண்டே, “வீட்டைப் பூட்டிட்டு தருமபுரி டவுனுக்கே வந்துடுங்கப்பா, வாடகை நான் தர்றேன்” என்றாய். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் இடையில் நடந்ததைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

தீபாவளி முடிந்து நீ அனுப்பிய பணத்தில் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் புதுப் போன் வாங்கினோம். பழையதில்தான் கோளாறு என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்து சிம்மை மாற்றிப் போட்டுப் பார்த்தால் அதே ஒரு கட்டை சிக்னல். பேசினால் குரல் விட்டு விட்டுத்தான் வந்தது. உன் காசை வீணாக்கிவிட்டோமே என்று அன்று இரவு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

வீணில்லை கண்ணு. அதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். பழைய போனில் 4ஜி வழியாகவே பேசும் வசதி கிடையாது. கம்பெனிக்காரர்கள் 3ஜியை மூடிய பிறகு அந்தப் போன் பேச்சுக்கு 2ஜியைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் போனை மாற்றியதில் பாதிக் குறை தீர்ந்தது. மீதிப் பாதி டவரில் இருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். இரண்டு வருஷமாக அந்தப் போன் வீட்டுக்குள்ளேயே இருந்ததில்லை. அம்மா அதை ஒரு மஞ்சப்பையில் போட்டு, வாசல் புங்கமரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தாள். ரிங் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். போய் எடுப்பதற்குள் கட்டாகிவிடும். நீ கூப்பிட்டு எடுக்காத நாளெல்லாம் அம்மா மரத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நாள்தான். மழை வந்ததும் நனைந்துவிடும் என்று பையை உள்ளே எடுத்து வைத்தோம். அந்த இரண்டு நாள் அப்படித்தான் போனது.

சரி, புகார் கொடுத்த கதைக்கு வருகிறேன். முதலில் 121-க்குப் போட்டேன். அதில் பேக் விவரம்தான் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். புகாருக்கு 198 என்று அப்புறம் தெரிந்தது. அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். போனை அணைத்துப் போடச் சொன்னாள், ஏரோப்ளேன் மோடு போட்டு எடுக்கச் சொன்னாள், நெட்வொர்க் செட்டிங்கை அழித்துப் புதிதாக வைக்கச் சொன்னாள். எல்லாம் செய்தேன். புகார் எண் ஒன்று மெசேஜில் வந்தது. நான்காம் நாள், ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று இன்னொரு மெசேஜ். அந்த மெசேஜையே மரத்தடியில் நின்றுதான் படித்தேன். யார் வந்து எதைத் தீர்த்தார்கள்? மறுபடி போட்டேன், மறுபடி அதே மெசேஜ். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தப் பெண்ணிடம் காட்டவில்லை. அவளும் எங்கேயோ ஒரு வீட்டுப் பிள்ளை, நம் மலையை அவள் பார்த்ததுகூட இல்லை.

நடுவில் ஒரு நாள் அவசரத்தில் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடி ஒன்றுக்குப் போட்டுவிட்டேன். ஒருத்தன் எடுத்து, ஒரு ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள், பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்கள், உடனே சரியாகிவிடும் என்றான். நீ முன்பே சொல்லி வைத்திருந்தது ஞாபகம் வந்து உடனே வைத்துவிட்டேன். பணம் எதுவும் போகவில்லை, பயப்படாதே. அப்படிப் போனால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே சொல்ல வேண்டும் என்று சித்தப்பா மகள் அம்மாவுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம்.

அடுத்து தருமபுரியில் அந்தக் கம்பெனி ஷோரூமுக்கே போனேன். சிம் பழுதாகியிருக்கும் என்று புது சிம் மாற்றிக் கொடுத்தார்கள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான். மறுநாளே வேறு கம்பெனிக்கு மாறிவிடலாம் என்று மெசேஜ் அனுப்பினேன், முடியாது என்று பதில் வந்தது. சிம் மாற்றினால் 7 நாள் கழித்துத்தான் நம்பரை மாற்ற விடுவார்களாம். 2024 ஜூலையிலிருந்து அப்படி. யாராவது நம் பெயரில் திருட்டுத்தனமாக சிம் வாங்கி, நம்பரையே வேறு கம்பெனிக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக வைத்தது. அது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாரண்டஅள்ளி மொபைல் கடைத் தம்பி நம் வீட்டுக்கு வந்தான். போன மாசம் நான் தக்காளி நாற்று கொடுத்ததற்காக வந்தான் என்றே வைத்துக்கொள். மூன்று கம்பெனி சிம் கொண்டுவந்து நம் போனிலேயே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். கட்டையைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள் என்று செட்டிங்கில் சிம் நிலவரம் என்ற இடத்தைத் திறந்து காட்டினான். மைனஸில் ஓர் எண் வரும். மைனஸுக்குப் பின்னால் எண் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. நம் சிம் வீட்டுக்குள் மைனஸ் 119, மரத்தடியில் 108. இன்னொரு கம்பெனி வீட்டுக்குள்ளேயே 101, மரத்தடியில் 90. மூன்றாவதுக்கு ஒன்றுமே இல்லை. அரை மணி நேரத்தில் முடிந்த வேலை. இதைச் செய்யாமல் ஒன்றரை மாசம் அலைந்திருக்கிறேன்.

ஏன் அப்படி என்று கேட்டேன். பண்டிகைக்கு மாரியம்மன் கோயிலில் சவுண்ட் செட் கட்டினால் மலையடி வரைக்கும் ‘டம் டம்’ மட்டும் கேட்கும், பாட்டு வரி கேட்காது இல்லையா, அது மாதிரிதான் மாமா என்றான். 700, 850, 900 என்கிற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் தாண்டும். 1800, 2300 எல்லாம் வேகம் தரும், ஆனால் மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். எந்தக் கம்பெனி எந்த டவரில் எதை வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. போனும் அந்த அலைவரிசையைப் பிடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். நீ வாங்கிக் கொடுத்தது எல்லாவற்றையும் பிடிக்கிறது.

நம் கூரையும் ஒரு காரணம் என்றான். நாட்டு ஓட்டைப் பிரித்துத் தகர ஷீட் போட்டோமே, இரும்பு அலையைத் தடுத்துவிடுமாம். அதை நினைத்து நீ வருத்தப்படாதே. ஓட்டு வீட்டில் மழைக்குப் பாத்திரம் வைத்துப் படுத்தது உனக்கு மறந்திருக்காது. நீ போட்டுக் கொடுத்த கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அதற்குப் பிறகும் உடனே மாறவில்லை. 84 நாள் பேக் போட்டிருந்தோம், மாறினால் மீதி நாளும் போய்விடும், பேலன்ஸும் போய்விடும். அப்புறம், சும்மா விட்டுவிடவும் மனசில்லை. புகார் தீராவிட்டால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், காசு கட்ட வேண்டியதில்லை என்று 2012-லேயே போன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான டிராய் விதி போட்டிருக்கிறது. சித்தப்பா மகள் தமிழிலேயே ஈமெயில் அடித்தாள். பழைய புகார் எண்கள், தேதி, அந்த மைனஸ் எண்கள் எல்லாம் எழுதச் சொன்னேன். மூன்று வாரத்தில் ஒரு இன்ஜினியர் கூப்பிட்டார். “ஐயா, எங்கள் டவர் ரோட்டைப் பார்த்து இருக்கிறது, உங்கள் ஊருக்கு நடுவில் கரடு இருக்கிறது, இப்போதைக்குப் புது டவர் திட்டம் இல்லை” என்று உள்ளதைச் சொன்னார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எத்தனை பஸ் கூலி மிச்சம்! ஆனாலும் அவருக்கு நன்றி சொன்னேன். உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

தை பிறந்ததும் பேக் முடிய 9 நாள் இருக்கும்போது மாறினோம். PORT என்பதை ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு நம் நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்ப வேண்டும். எட்டு எழுத்தில் ஒரு குறியீடு வந்தது, 4 நாள்தான் செல்லும். அன்றே அதைக் காட்டிப் புது சிம் வாங்கப் பாலக்கோட்டுக்குப் போனேன். அங்கே கைரேகைதான் சிக்கல். காலையில் தக்காளி பறித்துவிட்டு வந்த கை. செடியின் கறை விரலில் கறுப்பாக ஏறி, ரேகைக் கோடே தெரியாமல் இருந்தது. கட்டை விரல் எடுக்கவில்லை, ஆள்காட்டி எடுக்கவில்லை. கடைப் பெண் ஈரத்துணி கொடுத்தாள், துடைத்தும் போகவில்லை. பழுத்த தக்காளியை நசுக்கித் தேய்த்தால் கறை விடும் என்று எனக்குத் தெரியும். எதிரில் மார்க்கெட்டில் ஒன்று வாங்கி வந்து குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். இடது மோதிர விரல் ஏழாவது தடவை ஏற்றுக்கொண்டது. உன்னைப் படிக்க வைத்த விரல் கண்ணு, தேய்ந்துதான் இருக்கிறது.

மூன்றாம் நாள் இரவில் பழைய சிம் செத்தது, புதுசைப் போட்டேன். அடுப்படியில் நின்று பார்த்தால் மூன்று கட்டை. அப்போது விடிகாலை ஐந்தரை, உனக்கு மூன்று மணி. தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதென்று ஒன்பதரை வரைக்கும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தோம். அன்று காலையில் “சும்மாதான் கூப்பிட்டேன்” என்றேன் அல்லவா, அது சும்மா இல்லை. நம்பர் அதேதான், பேங்க், ஆதார், கேஸ், பி.எம். கிசான், அம்மாவின் உரிமைத்தொகை எதையும் மாற்ற வேண்டியதில்லை. அம்மாவின் பழைய கம்பெனி சிம் இரண்டாவது ஓட்டையில் இருக்கிறது.

இப்போது என் பதில். நாங்கள் டவுனுக்கு வரவில்லை கண்ணு. விடிகாலை நாலு மணிக்கு மண்டிக்காரர் கூப்பிட்டு இன்றைக்கு என்ன விலை என்கிறார், பறிப்பதா நிறுத்துவதா என்று அப்போதே முடிவு செய்ய முடிகிறது. காட்டோரம் யானை இறங்கினால் மேலக்காட்டுக்காரர் கூப்பிட்டு எழுப்புகிறார். மாடு இரண்டும் கன்றும் இருக்கின்றன. இதையெல்லாம் விட்டுவிட்டு வாடகை வீட்டில் உட்கார்ந்தால் உன் அம்மாவுக்கு ஒரு மாசம் தாங்காது. நீ கேட்டது பாசத்தில் கேட்டாய். அதற்காக என்மேல் கோபப்படாதே.

அடை மழையில் இரண்டு நாள் கரண்ட் போனால் டவர் பேட்டரியும் இறங்கிவிடும், அப்போது லைன் கிடைக்காமல் போகலாம். ஒரு நாள் முழுக்கக் கிடைக்காவிட்டால் சித்தப்பாவிடம் சொல், நாற்பது நிமிஷத்தில் வந்து பார்த்துவிடுவான். பேசி வைத்திருக்கிறோம். அதுவரைக்கும் கெட்டதாக எதையும் நினைக்காதே.

மஞ்சப்பை இன்னும் புங்கமரத்து ஆணியில்தான் தொங்குகிறது. எடுத்துவிடலாம் என்றால் அம்மா, இருக்கட்டும் என்கிறாள். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே. நம் நேரம் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடு, உனக்கு ஆறரை. மாப்பிள்ளையையும் பேசச் சொல். அம்மா அடுப்படியில் இருந்துகொண்டே பேசுவாள்.

அன்புடன்,
அப்பா