முதல் பக்கத்திலும் இருக்கின்றன அருஞ்சொற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கடைசிப் பக்கத்தில் வாரந்தோறும் வரும் அருஞ்சொல் கட்டத்தை விடாமல் படிப்பவன் நான். சென்ற வாரம் ஞமலி என்றால் நாய், ஞெண்டு என்றால் நண்டு என்று போட்டிருந்தீர்கள். சரிதான். ஆனால் அந்த ஞமலியை இனி நான் எங்கே கொண்டுபோய்க் கட்டுவது? தெருவில் குரைப்பது நாயாகவே குரைத்துவிட்டுப் போகட்டும். என் குறை வேறு. கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டிப் பொருள் சொல்கிறீர்களே, முதல் பக்கத்தில் அன்றாடம் அச்சேறும் சொற்களில் எத்தனையை நாம் நின்று பார்த்திருக்கிறோம்?

வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தாக்கல், ரத்து, நகல், ஜப்தி, வகையறா என்று எழுதியே விரல் தேய்ந்தது. போன மாதம் பீரோவை ஒழுங்கு செய்தபோது ஒரு பழைய கிஸ்தி ரசீது, அதாவது நிலவரி கட்டிய ரசீது, கிடைத்தது. அதில் 'பசலி 1420' என்றிருந்ததைப் பார்த்துவிட்டுப் பேரன், "அறுநூறு வருஷத்துக் காகிதமா தாத்தா? மியூசியத்துல குடுத்துடலாமே" என்றான். முகலாயர் காலத்து அறுவடைக் கணக்கு அது. ஜூலை முதல் தேதி பிறக்கும். 590-ஐக் கூட்டினால் நம்முடைய ஆண்டு வரும். ரசீது 2010-இல் கட்டியது. ஆட்சிகள் எத்தனையோ போய்விட்டன, வரி போட்ட ஆண்டுக்கணக்கு மட்டும் போகவில்லை. பேரனிடம் இதைச் சொன்னேன். அதற்குள் அவன் கைப்பேசிக்குப் போய்விட்டான்.

அன்றிலிருந்து நாளிதழைப் படிக்கும்போது சொல்லுக்குச் சொல் நிற்கும் வியாதி பிடித்துக்கொண்டது. அமைச்சர் ராஜினாமா என்று ஒரு செய்தி. ராஜி என்றால் சம்மதம், நாமா என்றால் கடிதம். வழக்கில் இரு தரப்பும் சமரசமாகி ஒப்புக்கொண்டு எழுதித் தருவதற்கும் அதுதான் பெயர். அப்படிப் பார்த்தால் சம்மதமே இல்லாமல் கொடுக்கப்படும் சம்மதக் கடிதத்துக்கு வேறு பெயர் தேட வேண்டும். அடுத்த பத்தியில் பினாமி. 'பே' என்றால் இல்லாத, 'நாம்' என்றால் பெயர். பெயரில்லாதது என்று பொருள். பேமானி என்று ஒரு வசவு இருக்கிறதே, அதிலும் இதே 'பே'தான். ஈமான் இல்லாதவன், நாணயம் கெட்டவன். பேமானி என்றால் சட்டையைப் பிடிக்க வருகிறார்கள். பினாமி என்றால் பெயரில் நாலு வீடு எழுதி வைக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் விட என்னைப் படுத்துவது வாய்தா. நீதிமன்ற வராந்தாவில் காலம் கழித்த யாருக்கும் இதற்கு அகராதி தேவையில்லை. ஆனால் பிறந்த இடத்தில் அதன் பொருள் வாக்குறுதி. இந்தத் தேதியில் தருகிறேன், இந்தத் தேதியில் வருகிறேன் என்று கொடுக்கும் சொல். அது எப்படி 'இன்றைக்கு இல்லை' என்று ஆனது? கொடுத்தவர்கள் எல்லாரும் தள்ளித் தள்ளிப் போட்டதில் சொல்லே தள்ளிப்போவது என்று ஆகிவிட்டது என்பது என் ஊகம். மொழியியல் படித்தவர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும். தமிழிலும் இதற்கு இணையாக ஒன்று உண்டு. வாக்கு. அரசியல்வாதி மேடையில் கொடுப்பதும் வாக்கு, நான் சாவடியில் கொடுப்பதும் வாக்கு. என்னுடையதற்கு மட்டும் அன்றைக்கே விரலில் மை வைத்துவிடுகிறார்கள்.

வேட்பாளர் என்ற சொல்லுக்கும் இதே நேர்மை உண்டு. அந்தக் காலத்தில் அபேட்சகர் என்பார்கள். என் அப்பா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். தமிழாக்கியவர்கள் பொருளை மாற்றவில்லை. வடமொழி அபேட்சையும் விருப்பம்தான், தமிழ் வேட்பும் விருப்பம்தான். வேட்கை என்கிறோமே, அதே வேர். பதவியை விரும்புகிறவர் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அதன் பிறகும் 'சேவை செய்ய வந்தேன்' என்று அவர் சொல்லும்போது நாம் கைதட்டினால் குற்றம் யாருடையது?

எழுத்தர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவிளக்கு எரியாதது பற்றி ஒரு மனுக் கொடுத்திருந்தேன். 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தது. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை ஆயிரம் பேருக்கு இதே இரண்டு சொற்களை நான் எழுதி அனுப்பியிருப்பேன்! ஆவன என்றால் ஆகக்கூடியவை. ஆகக்கூடியவை செய்யப்படும், ஆகாதவை செய்யப்பட மாட்டா. இதில் பொய் எங்கே இருக்கிறது? இலக்கணம் படித்த எவரோதான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். என் மனைவி தெற்கத்திக்காரி. பதிலை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க எழுதினத ஆவலாதின்னு நெனச்சு எடுத்து வச்சிருப்பாவ" என்றாள். அவர்கள் பக்கம் புகாருக்கு ஆவலாதி என்று பெயர். புகாரில் கோபம் மட்டும்தான் இருக்கிறது. ஆவலாதியில் கொஞ்சம் அழுகையும் சேர்ந்து கேட்கிறது எனக்கு.

உங்கள் கட்டத்துக்கு உண்மையிலேயே தகுதியான இரண்டு சொற்களைச் சொல்கிறேன். சிற்றவ்வை, பேரவ்வை. சின்னம்மா, பெரியம்மா என்றுதான் பொருள். இவை இருக்கும் இடம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921. குடவோலை பற்றிப் பாடப்புத்தகத்தில் எல்லாரும் படித்திருப்போம்: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பது. அத்தோடு பாடம் முடிந்துவிடும். யாருடைய பெயரை எழுதக்கூடாது என்பதில்தான் ரசமே இருக்கிறது. வாரியம் என்னும் ஊர்க் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை எழுதக்கூடாது. சரி, அது நியாயம். அவனோடு விடவில்லை; அவனுடைய சிற்றவ்வை பேரவ்வை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று உறவுப் பட்டியல் போட்டு எல்லாரையும் விலக்கிவிட்டார்கள். கணக்கைக் காட்டாமல் தம்பியை நிறுத்துவது, மச்சானை நிறுத்துவது எல்லாம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்துப் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. உடனே பொற்காலம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. அது நிலமுள்ள பிராமணர்களின் சபை. என் முப்பாட்டன் பெயர் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்காது. ஆனால் வாரியம் என்ற சொல்லை மட்டும் எடுத்து மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் வைத்துக்கொண்டு, கூடவே இருந்த சிற்றவ்வையையும் பேரவ்வையையும் ஏன் சுவரிலேயே விட்டுவிட்டோம்?

குறளில் 54-ஆம் அதிகாரத்துக்குப் பொச்சாவாமை என்று பெயர். பொச்சாப்பு சாதாரண மறதி அல்ல. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு நான் வீடெல்லாம் தேடுவது மறதி. சந்தோஷம் தலைக்கேறி, செய்ய வேண்டியதை விட்டுவிடுவது பொச்சாப்பு. அளவு கடந்த கோபத்தைவிடக் கெட்டது என்கிறார் வள்ளுவர். வெற்றி ஊர்வலத்துக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. 'வாக்குறுதிகள் நிறைவேற்றப்படவில்லை என எதிர்க்கட்சிகள் குற்றச்சாட்டு' என்று நீளமாகத் தலைப்பு வைப்பதற்குப் பதில் ஒரே ஒரு முறை 'பொச்சாப்பு' என்று போட்டுப் பாருங்களேன். வாசகர்களுக்குப் புரியாது என்று உதவி ஆசிரியர் சொல்வார். ராஜினாமா புரிந்த வாசகர்களுக்கு இது புரியாதா?

இன்னொரு சின்ன விஷயம். தங்கள் நடுப்பக்கப் பகுதிக்கு அரசியல் கண்ணோட்டம் என்று தலைப்பு. கண்ணோட்டம் என்பதும் குறளில் ஓர் அதிகாரம்தான்; ஆனால் அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள். பார்வை என்பது பின்னால் வந்த பொருள். அந்தப் பக்கத்தில் எழுதும் அன்பர்களிடம் பழைய பொருளும் இருக்கிறது என்று ஒரு முறை சொல்லி வையுங்கள். சில வாரங்களில் பார்வை மட்டுமே தெரிகிறது.

அருஞ்சொல் கட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த வாரம் இடமிருந்தால் சிற்றவ்வையைப் போடுங்கள். பொருள் சின்னம்மா. பக்கத்திலேயே 'விவரம் முதல் பக்கத்தில்' என்று ஒரு குறிப்பும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவர்