சம்பளத்துக்காக என்று சொன்னால் என்ன பிழை?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை விடுதிகளில் பருவகால வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளையோர், "ஏன் இந்த வேலை?" என்று கேட்டால் "சம்பளத்துக்காக" என்று சொல்லக் கூச்சப்பட்டு, விருந்தோம்பலில் தமக்குள்ள ஈடுபாட்டைப் பற்றி மனனம் செய்த வசனங்களை ஒப்புவிக்கிறார்கள். கேட்பவருக்கும் உண்மை தெரியும். 2022 பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மண்ணெண்ணெயும் விலையேறியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறெதை நினைக்கும்? சம்பளத்தைப் பற்றியே வாய்திறவாதவர், ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்காகத் தம்மிடம் கழிக்கப்படும் 8 வீதத்துடன் முதலாளி செலுத்த வேண்டிய 12 வீதமும் வைப்பிலிடப்படுகிறதா என்று பின்னர் எப்படிக் கேட்பார்? தொழில் தருவோர் சம்பளத் தொகையை விளம்பரத்திலேயே குறிப்பிடட்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.