பிளஸ் 2 பிள்ளைகளின் வாக்காளர் பதிவு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பதினெட்டு முடிந்த பிறகுதான் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க மனுக் கொடுக்க முடியும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். பதினேழு நிறைந்தாலே படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுத்துவைக்கலாம். பிள்ளை வீட்டிலும் சான்றிதழ்கள் கையிலும் இருக்கும் இந்த ஆண்டில் இதை முடித்துவிடுங்கள். கல்லூரி சேர்க்கை அலைச்சல் தொடங்கிவிட்டால் இது தள்ளிக்கொண்டே போகும்.

வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆனது 1989-இல். ஆனாலும் நெடுங்காலம் ஜனவரி 1 மட்டுமே தகுதி நாளாக, அதாவது 18 வயது நிறைந்திருக்க வேண்டிய நாளாக, இருந்தது; ஜனவரி 2-இல் பிறந்தவர் ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தார். 2021-இல் வந்த சட்டத் திருத்தம் தகுதி நாள்களை ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்காக்கியது. 2022 ஆகஸ்ட் முதல் இதுவே நடைமுறை. 2009 ஏப்ரல் 1-இல் பிறந்த பிள்ளைக்கு 2027 ஏப்ரல் 1-ஆம் தேதியே தகுதி வந்துவிடும். ஒரே நாள் தள்ளி, ஏப்ரல் 2-இல் பிறந்திருந்தால் ஜூலை 1 வரை பொறுக்க வேண்டும்.

மனுவைத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ செயலியிலோ பதியலாம். உங்கள் பகுதிக்குரிய வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தாளாகவும் கொடுக்கலாம். வயதுக்குப் பிறந்த தேதி உள்ள பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் போதும். முகவரிச் சான்று பிள்ளையின் பெயரில்தான் வேண்டும் என்பதில்லை. அதே வீட்டில் வசிக்கும் தாய் அல்லது தந்தை பெயரில் இருக்கலாம். வெள்ளைப் பின்னணியில், முகம் நேராகத் தெரியும் பாஸ்போர்ட் அளவு வண்ணப் படம் வேண்டும். படிவத்திலுள்ள உறுதிமொழி பிள்ளையுடையது. கையெழுத்தும் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும், அப்பா போட வேண்டாம்.

தவறு அதிகம் நேர்வது பெயரில்தான். மதிப்பெண் சான்றிதழில் ‘மதியழகன் க’, ஆதாரில் ‘மதியழகன் கண்ணன்’ என்று இருக்கும். சான்றாக எதை இணைக்கிறீர்களோ அதில் உள்ளபடியே எழுதுங்கள். இணையத்தில் ஆங்கிலத்தில் தட்டியதும் தமிழ்ப் பெயர் தானாக விழும். அதை நம்பி அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். ‘மதியழகன்’ அங்கே ‘மதியலகன்’ ஆகியிருக்கலாம். அட்டை அச்சான பிறகு திருத்த வேண்டுமென்றால் படிவம் 8 தனியாகக் கொடுக்க வேண்டும்.

வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கப்போகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு: சொந்த ஊரிலேயே பெயரை வைத்துக்கொள்ளலாம், அல்லது விடுதி முகவரியில் பதியலாம். விடுதி முகவரி என்றால் படிப்பு அங்கீகாரம் பெற்றதாகவும் குறைந்தது ஓராண்டுக் காலத்ததாகவும் இருக்க வேண்டும். கல்வி நிறுவனத் தலைவர் தரும் சான்றையும் இணைக்க வேண்டும். தேர்தல் நாளில் ஊருக்கு வந்துபோக முடியுமா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். இரண்டு இடத்திலும் பதிவது மட்டும் கூடாது. வீட்டு முகவரியில் ஏற்கெனவே பெயர் ஏறியிருந்தால், விடுதிக்கு மாற்றப் படிவம் 8 கொடுக்க வேண்டும், புதிதாகப் படிவம் 6 அல்ல. வேறெங்கும் பெயர் இல்லை என்று பொய்யாக உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்க மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-இன் 31-ஆம் பிரிவு இடம் தருகிறது.

மனுக் கொடுத்ததும் கிடைக்கும் குறிப்பு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க அலுவலர் வீட்டுக்கு வருவார். அந்த நேரம் வீடு பூட்டியிருந்தால் மனு இழுபறியாகிவிடும், எனவே எடுக்கிற கைப்பேசி எண்ணையே தாருங்கள். மனுவைத் தள்ளுபடி செய்தால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். தேர்தல் அறிவித்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம்: வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் கடந்துவிட்டால், அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் புதுப் பெயர் ஏறாது.

சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழைக்கலாம். மதிப்பெண் சான்றிதழில் பெயரோ பிறந்த தேதியோ பிழையாக இருந்தால், படிவம் கொடுக்கும் முன்பே பள்ளி அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்