மாலை போட்டது போதும், தேடவும் விடுங்கள்

எங்கள் ஊர்ப் பொது நூலகத்தை நிர்வகிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 12 நூலகர் தின விழா நன்றாகவே நடந்தது. இந்திய நூலகத் துறையின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு ரோஜா மாலை, மைக் செட், கேசரி. ‘வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து’ என்ற, நூலகங்களுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவதை மேடையில் மூன்று பேர் சொன்னார்கள். சிறப்பு விருந்தினர் வர ஒன்றரை மணி நேரம் ஆனதால், அதை ஆற அமர யோசிக்க எங்களுக்கும் வாய்த்தது.

விழா முடிந்ததும் ஒரே ஒரு புத்தகம் தேடினேன். ஊரார் கூடி ஏரி, குளங்களைப் பராமரிக்கும் குடிமராமத்து பற்றியது. முன்பெல்லாம் புத்தக விவர அட்டைகள் அடுக்கிய அட்டை அலமாரியின் இழுப்பறையை இழுத்து, ‘கு’வில் விரலை ஓட்டினால் கிடைத்துவிடும். இப்போது அந்த இடத்தில் கணினி. தமிழில் அடித்தேன், வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்தேன். ஒரு டியா இரண்டு டியா, எச் உண்டா இல்லையா என்று நான்கு விதமாக மாற்றிப் பார்த்தேன். நான்குக்கும் ‘பதிவு இல்லை’.

கவுண்டரில் இருந்த அக்கா, “அந்த நீலக் கலர் பைண்டிங் புக்குதானே சார்?” என்று எழுந்து போனார். இரண்டே நிமிடத்தில் கையில் கொடுத்தார். பிறகு இருவருமாகக் கணினியைத் துழாவினோம். புத்தகம் அதில் இருந்தது. ‘கு’வுக்கு யு போட வேண்டிய இடத்தில் இரண்டு ஓ போட்டு ஏற்றியிருந்தார்கள். அக்கா வரும் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார்.

அட்டை அலமாரி மாடிப்படிக்கு அடியில், கம்பிக் கதவுக்குள், உடைந்த நாற்காலிகளோடு கிடக்கிறது. தமிழில் தேட வழி செய்யுங்கள். அதுவரை அலமாரியை வெளியே எடுத்து வையுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

ரங்கநாதன் சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார், 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மேடையில் யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். லண்டனில் படித்தபோது ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே தகடு, அதே திருகாணி. மாற்றி மாட்டினால் வேறு பொம்மை. புத்தகம் பேசும் பொருளையும் இப்படித் துண்டு துண்டாக்கி மாட்டலாமே என்று யோசித்ததில் பிறந்ததுதான் நூல்களை வகைபிரிக்க 1933ல் வந்த கோலன் பகுப்புமுறை. நுரையீரல் ஒரு துண்டு, காசநோய் ஒரு துண்டு, சிகிச்சை, நாடு, காலம் எல்லாம் தனித்தனித் துண்டு, நடுவே நிறுத்தற்குறிகள். வேண்டிய தகவலைத் தேடி எடுக்கும் துறைக்கு ‘தகவல் மீட்பு’ என்று ஆங்கிலத்தில் பெயர் விழுந்ததே 1950ல்தான். இன்று சேலை விற்கும் செயலியில் நிறம், விலை, ஊர் என்று தட்டித் தட்டிச் சலிக்கிறோமே, அதுவும் அந்த வழியில் வந்ததுதான். பட்டுச் சேலைக்குக் கிடைக்கும் மரியாதை குடிமராமத்துக்குக் கிடையாதா?

அவர் பாடுபட்டதில் 1948ல் வந்த நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறேன். வரி ரசீதில் என் பெயரை எப்படிப் பிழையாக அடித்தாலும் பாக்கி மட்டும் சரியாக என் வாசலுக்கு வந்துவிடுகிறது. அந்தக் கணினியையாவது நூலகத்துக்குக் கொடுக்கக் கூடாதா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். தயவுசெய்து தமிழில் தேட வழி செய்யுங்கள். டெண்டர், ஒப்புதல் என்று நாளாகும், தெரியும். அலமாரிக்கு அதெல்லாம் வேண்டாம். வரும் ஞாயிறு காலை நாங்கள் நாலைந்து பேர் வந்து தூக்கி வைக்கிறோம். கம்பிக் கதவின் சாவியை மட்டும் அக்காவிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உறுப்பினர் அட்டையைத் தவறாமல் புதுப்பித்து வரும் ஒரு வாசகன்