ஜாக்கை விசாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். கதைகளில் வருபவர்களைக் கூண்டில் ஏற்றி, வகுப்பிலேயே மாதிரி நீதிமன்றம் நடத்துகிறீர்கள். பிள்ளைகள் யோசிக்கவும் பேசவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் ‘ஜாக்கும் அவரைக்கொடியும்’ வழக்கு நடக்கும் விதம் எனக்கு வருத்தம் தருகிறது. மாட்டுக்குப் பதிலாக வாங்கிய மாய அவரை விதை வானம்வரை கொடியாக வளர, ஜாக் அதில் ஏறி ராட்சசன் வீட்டுப் பொருள்களை மூன்று முறை எடுத்துவருகிறான், கடைசியில் துரத்தி இறங்கும் ராட்சசனைக் கொடியை வெட்டிக் கொல்கிறான்; அதுதான் கதை. “ராட்சசன் ஆளைத் தின்பவன், அதனால் ஜாக் செய்தது சரி” என்று ஒரு பிள்ளை சொல்கிறது. மற்றவர்கள் கை தூக்குகிறார்கள். ஜாக் விடுதலை. சாட்சியத்தை யாரும் எடைபோடவே இல்லை.

முதலில், எந்தக் கதையை வைத்து விசாரிக்கிறோம்? இங்கிலாந்தில் 1734லேயே இந்தக் கதையின் ஒரு வடிவம் அச்சில் வந்துவிட்டது. 1807ல் லண்டன் பதிப்பாளர் பெஞ்சமின் டாபர்ட் வெளியிட்ட பதிப்பில் ஒரு தேவதை வந்து, ராட்சசன்தான் உன் அப்பாவைக் கொன்று சொத்தைப் பிடுங்கினான் என்று ஜாக்கிடம் சொல்கிறாள். அப்படியென்றால் ஜாக் எடுத்தது அப்பன் வீட்டுப் பொருள். 1890ல் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த ஜோசப் ஜேக்கப்ஸ் அந்தத் தேவதையையே நீக்கிவிட்டார். சிறு வயதில் ஆஸ்திரேலியாவில் தான் கேட்ட கதையில் அவள் இல்லை என்றார். திருட்டுக்கு ஊக்கம் தருவதாகக் கதை ஆகிவிடக் கூடாது என்றுதான் அவளைச் சேர்த்திருக்கிறார்கள், எனக்குப் பிள்ளைகள் மேல் அதைவிட நம்பிக்கை உண்டு என்றும் எழுதினார். ஒரு தரப்பு டாபர்ட்டையும் மறுதரப்பு ஜேக்கப்ஸையும் மனதில் வைத்துக்கொண்டு வாதாடினால் அது எப்படி வழக்காகும்?

டாபர்ட்டை எடுத்தாலும் தேவதையை அப்படியே நம்பிவிட முடியாது. ஜாக்கின் அப்பாவுக்குக் காவலாக இருந்தவள் தான்தான் என்கிறாள். ஜாக்கை அந்த அவரை விதைகளை வாங்க வைத்ததும் தான்தான் என்கிறாள். வழக்கில் இவ்வளவு சம்பந்தம் உள்ள சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடலாமா?

ஜேக்கப்ஸின் கதையில் சாட்சியம் இன்னும் நிறைய இருக்கிறது. முதல் முறை மேலே போகும்போது ஜாக் பசியோடு இருக்கிறான். ராட்சசனின் மனைவி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பாலும் கொடுத்து, அடுப்புக்குள் ஒளித்துவைத்து உயிரைக் காப்பாற்றுகிறாள். அவன் ஒரு பை தங்கத்தோடு இறங்குகிறான். இரண்டாம் முறை அவளே கேட்கிறாள்: நீ வந்துபோன அன்றுதான் ஒரு பை காணாமல் போனது, தெரியுமா? எனக்கு ஏதோ தெரியும், ஆனால் சாப்பிட்டால்தான் பேச முடியும் என்று மழுப்புகிறான். அப்புறம் பொன் முட்டையிடும் கோழியோடு ஓடுகிறான். மூன்றாம் முறை அவள் கண்ணில் படாமலே உள்ளே நுழைந்து யாழை எடுக்கிறான். அப்போது வீட்டில் பசி கிடையாது, கோழி சொல்லும்போதெல்லாம் பொன் முட்டை இடுகிறது. ‘எஜமானே, எஜமானே’ என்று அந்த யாழே கத்துகிறது. முதல் திருட்டுக்குப் பசியைச் சொல்லித் தண்டனையைக் குறைக்கக் கேட்கலாம். மற்ற இரண்டுக்கும் என்ன சொல்வது? ராட்சசன் எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும் கோழி அவனுடையது.

கொலைக் குற்றச்சாட்டு வேறு. அங்கேதான் ராட்சசனின் குணம் சாட்சியமாகிறது. மனித வாடை அடிக்கிறதே என்று அவன் கேட்கும்போது, நேற்று நீங்கள் ரசித்துச் சாப்பிட்ட பையனின் மிச்சமாக இருக்கும் என்று மனைவி சமாளிக்கிறாள். ஜாக்கை மறைக்கச் சொன்ன பொய்தானே, இதை நம்பலாமா? பிள்ளைகள் இங்கே நிறைய நேரம் நிற்க வேண்டும். வாடைக்கு அவள் சொன்ன காரணம் பொய். ஆனால் ஒருவன் நேற்று என்ன சாப்பிட்டான் என்பதில் அவனிடமே பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. அவனும் மறுக்கவில்லை. அப்படிப்பட்டவன் கொடியில் இறங்கி வருகிறான், கீழே ஜாக்கும் அம்மாவும் நிற்கிறார்கள். துரத்தலை வரவழைத்தது ஜாக்கின் திருட்டுதான் என்று அரசுத் தரப்பு வாதிடும், வாதிடட்டும். ஆனால் குற்றத்தை ஐயமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு என்று 1935ல் வூல்மிங்டன் என்பவரின் கொலை வழக்கில், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. தற்காப்பு இல்லை என்று இங்கே யாராலும் நிரூபிக்க முடியாது. நான் நீதிபதியாக இருந்தால் கொலையிலிருந்து ஜாக்கை விடுவிப்பேன், கோழிக்கும் யாழுக்கும் தண்டிப்பேன்.

உங்கள் பிள்ளைகள் வேறு தீர்ப்புக்கு வரலாம், அதில் தவறில்லை. அடுத்த முறை இரு தரப்புக்கும் ஒரே பதிப்பின் பிரதியைக் கொடுங்கள். குற்றச்சாட்டுகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். கை தூக்கச் சொல்வதற்குப் பதிலாக, ஒவ்வொன்றுக்கும் எந்த வரியை நம்பினோம், ஏன் நம்பினோம் என்று எழுதச் சொல்லுங்கள். ராட்சசனின் மனைவியைத் தயவுசெய்து கூண்டில் ஏற்றுங்கள். நான் பார்த்த விசாரணைகளில் அவளை யாரும் கூப்பிட்டதே இல்லை.

அன்புடன்,
ஒரு பெற்றோர்