அந்தக் காசு எங்க போகுதுன்னும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கவிதையை வளர்க்கிறதுக்காக அமெரிக்கால, சிகாகோல இருக்குற பொயட்ரி ஃபவுண்டேஷன்ங்கிற அமைப்பைப் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன். மருந்துக் கம்பெனிக் குடும்பத்து வாரிசான ரூத் லில்லிங்கிற அம்மா அவங்களுக்கு 2002-ல கொடுத்த கிட்டத்தட்ட 10 கோடி டாலர், 2011-ல திறந்த சொந்தக் கட்டடம், இதைச் சுத்தியே முழுக்க ஓடிருச்சு, கவிதைக்கு எதுக்கு இவ்ளோ காசுன்னு கேட்டு முடிச்சுட்டாரு எழுதினவரு. கேள்வி நியாயம்தான் சார், ஆனா அந்தக் காசு எங்க போய்ச் சேருதுன்னு ரெண்டு வரியாவது எழுதியிருக்க வேணாமா?

பொயட்ரி அவுட் லவுட்னு கவிதையை மனப்பாடமா சொல்ற ஒரு போட்டி. அமெரிக்க அரசோட கலை நிதி அமைப்பும் இவங்களும் சேர்ந்து ஹைஸ்கூல் பசங்களுக்காக 2005 வாக்குல ஆரம்பிச்சது. அந்த வீடியோக்களை என் பொண்ணோட உக்காந்து யூடியூப்ல பார்த்திருக்கேன். வேஷம் கிடையாது, கையில எதுவும் வச்சுக்கக் கூடாது, பையன் தனியா மைக் முன்னாடி வந்து நிக்கிறான், கவிதை பேரு, கவிஞர் பேரு சொல்லிட்டு ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிட்டு ஆரம்பிக்கிறான். மேல் சுற்றுக்குப் போகணும்னா மூணு கவிதை மனப்பாடமா தெரியணும், அதுல ஒண்ணு 20-ஆம் நூற்றாண்டுக்கு முந்தினதா இருக்கணும், ஒண்ணு 25 வரிக்குள்ள இருக்கணும். வரி தப்பாம சொன்னா மட்டும் பத்தாது, புரிஞ்சு சொல்றானாங்கிறதுக்கும் தனியா மார்க் உண்டு. தேசிய அளவுல ஜெயிச்சா 20,000 டாலர். இதை விட்டுட்டு கட்டடத்தைப் பத்தி மட்டும் எழுதினா எப்படி? அந்தக் கட்டடத்துலயும் 30,000 புத்தகத்தோட ஒரு நூலகம் இருக்கு, யார் வேணா காசு கொடுக்காம உள்ள போய் படிக்கலாம்.

இவங்க நடத்துற 'பொயட்ரி' பத்திரிகையை 1912-ல ஹேரியட் மன்றோ ஆரம்பிச்சப்ப ஊர்ல நூறு பேரைப் பிடிச்சு, வருஷம் 50 டாலர் வீதம் அஞ்சு வருஷம் தர்றோம்னு வாக்கு வாங்கித்தான் அச்சுக்கே போனாங்க. பெரிய ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட்டோட 'ப்ரூஃப்ராக்' கவிதை 1915-ல முதல்ல வந்தது அதுலதான். முதல் இதழ்ல இருந்து எல்லாமே இப்ப நெட்ல இலவசமா கிடைக்குது. ரூத் லில்லி அனுப்பின கவிதைகளை அதே பத்திரிகை போட முடியாதுன்னு திருப்பி அனுப்பியிருக்கு, அப்படியும் அந்தம்மா அவ்ளோ பணத்தைக் கொடுத்தாங்க, எனக்கு அது பெரிய மனசாத்தான் தெரியுது.

விமர்சனம் வேணாம்னு சொல்லல. 2020 ஜூன்ல கறுப்பின மக்கள் போராட்டம் நடந்தப்ப நாலு வாக்கியத்துல ஒரு அறிக்கை விட்டு ஒதுங்கப் பார்த்தாங்க, இவங்ககிட்ட ஃபெல்லோஷிப் (உதவித்தொகை) வாங்கின கவிஞர்களே பகிரங்கக் கடிதம் எழுதி இந்தப் பணம் யாருக்குப் போகணும்னு கேட்டாங்க, தலைவரும் போர்டு சேர்மனும் பதவி விலக வேண்டியதாச்சு. பணத்தைப் பத்திக் கேக்குறதுன்னா கேக்க வேண்டிய இடம் இது, கட்டுரைல இதுவும் இல்ல.

இன்னொரு கட்டுரை போடுங்க சார், முடிஞ்சா அந்தப் போட்டில கலந்துகிட்ட ஒரு ஸ்டூடண்ட்கிட்ட பேசி.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி