‘ஓ பேர்’ திட்டம் வேலைவாய்ப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவியருக்கு வெளிநாடுகளில் உள்ள வாய்ப்புகள் குறித்துத் தங்கள் கல்வி இணைப்பில் வெளியான கட்டுரையில், ஜெர்மனியின் ‘ஓ பேர்’ திட்டம், ‘மாதம் 280 யூரோ சம்பளம், உணவும் தங்குமிடமும் இலவசம்’ என்ற இரண்டே வரிகளோடு வேலைவாய்ப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. கோவையில் பல ஆண்டுகளாக ஜெர்மன் மொழி கற்பித்து வருகிறேன். கட்டுரை வெளியான அடுத்த வாரமே மூன்று பெற்றோர் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர், “இது ஆயா வேலைதானே?” என்று தயங்கினார், மற்றொருவர், “ஒரு வருடம் கழித்து அங்கேயே குடியுரிமை கிடைத்துவிடுமா?” என்று ஆவலோடு கேட்டார், மூன்றாமவர் முகவர் ஒருவருக்கு முன்பணமே கொடுத்திருந்தார்.

‘ஓ பேர்’ என்பது காதுக்குத் தமிழ்போல ஒலித்தாலும், ‘சரிசமமாக’ என்று பொருள் தரும் பிரெஞ்சுத் தொடர். இளைஞர் ஒருவர் அயல்நாட்டுக் குடும்பத்தில் அவர்களுள் ஒருவராகத் தங்கி, குழந்தைகளைக் கவனித்துக்கொள்வதிலும் சிறு வீட்டு வேலைகளிலும் கைகொடுத்து, அந்நாட்டு மொழியைக் கற்றுத் திரும்புவதே இதன் நோக்கம். 1969ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்கில் ஐரோப்பியப் பேரவை உருவாக்கிய உடன்படிக்கையின் முன்னுரை, இவர்கள் மாணவர் என்ற வகையிலோ தொழிலாளர் என்ற வகையிலோ அடங்காமல், இரண்டின் இயல்பும் கலந்த தனிப் பிரிவினர் என்றே கூறுகிறது. எனவே அந்த 280 யூரோ சம்பளமன்று, கைச்செலவுப் பணம். வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தனி அறை தர வேண்டும். காப்பீட்டுச் செலவைக் குடும்பமே ஏற்க வேண்டும். மொழி வகுப்புக்கென மாதம் 70 யூரோ வரை அக்குடும்பமே தர வேண்டும். முதியவரையோ நோயாளியையோ பராமரிப்பது இதில் சேராது. நம்மவர் விண்ணப்பிக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 27 நிறைந்திருக்கக் கூடாது, ஏ1 நிலை (ஏ1, ஏ2, பி1, பி2 என ஏறிச் செல்லும் மொழித்தேர்ச்சிப் படிகளில் முதலாவது) ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். அதிகபட்சம் ஓராண்டு, அதுவும் வாழ்நாளில் ஒருமுறைதான்.

மொழிக்காகப் போவதென்றால், அந்த ஓராண்டில் மொழி எந்த அளவுக்கு வரும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதை எந்தப் பெற்றோரும் என்னிடம் கேட்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. சட்டம் ஏ1 போதும் என்கிறது. ஏ1 என்பது பெயரும் ஊரும் சொல்லி, கடையில் ரொட்டி வாங்கி, மணி கேட்கத் தெரிந்த நிலை. அந்த அளவோடு பத்தொன்பது வயதில் புறப்பட்ட என் மாணவி ஒருத்திக்கு, ட்யூபிங்கன் நகருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் குடும்பம் அமைந்தது. நல்ல மனிதர்கள், ஆனால் பேசியதோ ஸ்வாபியன் வட்டார வழக்கு. ‘மார்மலாடெ’ என்று அவள் படித்துவிட்டுப் போன பழப்பாகை அந்த வீட்டில் ‘க்ஸெல்ட்ஸ்’ என்றார்கள். பாடநூல் தமிழ் படித்த வெளிநாட்டவர் நாகர்கோவில் சந்தையில் போய் நின்ற கதைதான். முதல் மூன்று மாதம் அக்குடும்பத்துப் பெற்றோரோடு ஆங்கிலத்தில் பேசியே ஒப்பேற்றினாள். மொழி வகுப்பு நடந்த ஊருக்குப் பேருந்து இருந்தாலும், வகுப்பு முடிந்தபின் திரும்பிவர வண்டி இல்லாததால், பாதி வகுப்புகள் அவளுக்குத் தவறிப்போயின.

அவளுக்கு உண்மையில் ஆசிரியராக அமைந்தது அந்த வீட்டின் நான்கு வயதுக் குழந்தைதான். பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன் வரும் ‘டெர், டீ, டாஸ்’ என்ற மூன்று சொற்களுள் ஒன்றைத் தவறாகச் சொன்னால் பெரியவர்கள் நாகரிகம் கருதிப் பேசாமல் இருந்துவிடுவார்கள். குழந்தை விடாது, சரியாகச் சொல்லும்வரை கதைப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டவும் விடாது. ஒரே படக்கதையை நாற்பது முறை உரக்கப் படித்ததில் அவளுக்கு வந்த உச்சரிப்பும் வாக்கிய ஓட்டமும் என் வகுப்பறையில் இரண்டு ஆண்டு இருந்திருந்தாலும் வந்திராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மொழிக்கு ஓர் எல்லை உண்டு. நம்முடைய ‘நீ’, ‘நீங்கள்’ போல ஜெர்மனிலும் ‘டூ’, ‘ஸீ’ என்று இரண்டு உண்டு. வீட்டிலும் விளையாட்டுத் திடலிலும் ஓராண்டு முழுவதும் ‘டூ’ மட்டுமே பேசிப் பழகியவள், பின்னர் ஒரு தொழிற்பயிற்சி இடத்துக்கான நேர்காணலில், எதிரே அமர்ந்திருந்த மூத்த அலுவலரை ‘டூ’ என்று விளித்துவிட்டு வெட்கிப்போனாள். கடிதம் எழுதும் நடை, படிவம் நிரப்பும் நடை எதுவும் குழந்தையிடமிருந்து வருவதில்லை. தொழிற்பயிற்சிக்குப் பெரும்பாலும் பி1, செவிலியர் துறைக்குப் பி2 கேட்கும் நாட்டில் அதற்கு வகுப்பறைதான் வழி.

ஆகவே என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சட்டம் கேட்பது ஏ1 ஆனாலும், ஏ2 முடித்து பி1 படித்துக்கொண்டிருக்கும்போது புறப்படுங்கள். ஆறு மாதம் தாமதமாகும், ஆகட்டும். குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டின் படத்தைப் பார்ப்பதற்கு முன், மொழி வகுப்பு எந்த ஊரில், எத்தனை மணிக்கு, திரும்பிவரக் கடைசிப் பேருந்து எப்போது என்று கேட்டு, வகுப்பு நேரத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இது சிறு விஷயம்போலத் தோன்றும். வகுப்பு நாளன்று மாலை விருந்தினர் வந்துவிட்டால் எழுத்தில் இல்லாத வகுப்புதான் முதலில் பலியாகும். வேறொரு மாணவியை ஒரு குடும்பம் நாள்தோறும் பத்து மணி நேரம் வேலை வாங்கியது. குடும்பத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தபோது ஏழு மாதம் ஓடிவிட்டது. இத்தகைய மலிவு உழைப்புக்கு இத்திட்டம் வழிவிடுகிறது என்ற விமர்சனத்தால்தான் நார்வே தன் நாட்டு ‘ஓ பேர்’ திட்டத்தை 2024இல் நிறுத்தியது.

ஜெர்மனியில் வாழும் உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டே இத்திட்டத்தில் சேரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது முடியாது. வீட்டில் ஜெர்மன் பேசப்பட வேண்டும். குடும்பத்தினர் உறவினராக இருக்கக் கூடாது. தாய்மொழி பேசியே ஓராண்டைக் கழித்துவிடக் கூடாது என்பதற்கான விதி இது. எனக்கு நியாயமாகவே படுகிறது.

இறுதியாக, பணம். ஜெர்மானியச் சட்டப்படி, அங்குள்ள முகமை ஒன்று ‘ஓ பேர்’ இளைஞரிடம் பெறக்கூடிய தரகுக் கட்டணம் அதிகபட்சம் 150 யூரோ. முன்பணம் கொடுத்த அந்தத் தந்தையிடம் நம் ஊர் முகவர் கேட்டிருந்த மொத்தத் தொகை, மகள் ஓராண்டு முழுவதும் பெறப்போகும் கைச்செலவுப் பணமான 3,360 யூரோவைவிட அதிகம். ரசீதும் தரவில்லை. தங்கள் கல்வி இணைப்பின் அடுத்த இதழில் ‘சம்பளம்’ என்ற சொல்லைத் திருத்தி, இந்த 150 யூரோ வரம்பையும் பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன். அந்தத் தந்தை தம் முன்பணத்தைத் திரும்பக் கேட்கப் போகும்போது கையில் எடுத்துச் செல்ல அச்சில் ஏதாவது இருக்க வேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
ஜெர்மன் மொழி ஆசிரியை ஒருவர்,
கோயம்புத்தூர்.